யார் பிந்தினார் என்று கேட்க முடியாத கூட்டம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் முப்பத்தெட்டு மதிப்பெண் எடுத்தவள் நான். அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அப்படிப்பட்டவள் அணுக்களைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பதைப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதில் சரியாக இருப்பதெல்லாம் மதாம் ஒடில் சொன்னது, தப்பாக இருப்பது என்னுடையது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் என்பதால், பேசுவதைவிட எழுதுவது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படியும் தெரியவில்லை.

பிறந்தது புதுச்சேரி உழவர்கரையில். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அப்படி ஒரு சொல்தா வீட்டில் வாழ்க்கைப்பட்டு, இருபத்தாறு வருடமாகப் பிரான்சின் துலூஸ் நகரத்தில் இருக்கிறேன். பாஸ்போர்ட் பிரெஞ்சு என்பதால் சொந்த ஊருக்கு வருவதும் எனக்கு வெளிநாட்டுப் பயணம்தான்.

அங்கே ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தில் தரை துடைக்கும் வேலை. அதன் அடித்தளத்தில் இயற்பியல் பேராசிரியர் மதாம் ஒடிலின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. செருப்பின்மேல் துணியுறை மாட்டிக்கொண்டு உள்ளே போய், கண்ணாடிகளும் லேசர் விளக்குகளும் நிறைந்த பெரிய மேசையைத் தொடாமல் சுற்றிலும் துடைத்துவிட்டு வரவேண்டும். பதினோரு வருடமாகச் செய்கிறேன். ஊருக்குப் போன் பேசும்போது 'லாபில் வேலை' என்பேன். பொய்யில்லை. அண்ணன் சகாயம் அதை அசிஸ்டென்ட் என்று எடுத்துக்கொண்டார். தெருவுக்கெல்லாம் அப்படியே சொன்னார். வேலை பார்த்த மில் மூடியபின் தலைகுனிந்து நடந்த மனிதர் என்னைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் நிமிர்வார் என்று அண்ணி சொல்லுவார். நான் திருத்தவில்லை.

இந்த முறை புதுச்சேரியில் ஒரு கல்லூரி மதாம் ஒடிலைப் பேச அழைத்திருந்தது. என் விடுமுறையும் அதே வாரம். தனக்கு வயது அறுபத்துமூன்று, ஒரு முழங்கால் சரியில்லை, கூட இருக்க முடியுமா என்று கேட்டார். சரி என்றேன். அதை அண்ணனிடம் சொன்னதுதான் வினையாகிவிட்டது. அவர் பங்குச் சாமியாரிடம் ஓடி, ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் மண்டபத்தில் மதாம் பேசுவதாக ஏற்பாடு செய்துவிட்டார். மொழிபெயர்க்க யார் என்று சாமியார் கேட்டாராம். "வேற ஆளு எதுக்கு சாமி, என் தங்கச்சிதான் இருக்காளே!"

வியாழக்கிழமை வந்து இறங்கினோம். மதாமை நகரத்தில் அவர் விடுதியில் விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். பிலோ அண்ணி இறால் தொக்கும் முருங்கைக்கீரையும் வைத்திருந்தார். துலூஸில் நான் மதியம் நின்றுகொண்டே ரொட்டியில் சீஸ் வைத்துத் தின்கிறவள். இங்கே மூன்றாவது முறை சோறு வைக்கும்போது வேண்டாம் என்றால் சண்டை வரும். சாப்பிட்டு முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"இவதான். பிரான்சுல அணுவெல்லாம் இவ கையிலதான்" என்றார் அண்ணன்.

"கரண்டு எடுக்கிற அணுவா, குண்டு போடுறதா?" என்று ஒருவர் கேட்டார்.

"ரெண்டும் இல்லிங்க" என்றேன். சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனேன். அடக்கமானவள் என்று பெயர் வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை கல்லூரிக் கூட்டத்துக்கு முன்னால் மதாம் டீ குடிக்கவேண்டும் என்றார். தெருமுனைக் கடையில் நின்றோம். கடைக்காரர் டீயைத் தலைக்குமேலிருந்து இடுப்புவரை நீட்டி ஆற்றினார். மதாம் கண்ணை எடுக்காமல் பார்த்தார். இன்னொரு முறை ஆற்றச் சொல்லும்படி என்னிடம் கேட்டார். கடைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை, நாலு முறை ஆற்றினார்.

"ரோசாலி, எங்கள் வேலையின் கடைசிக் கட்டமும் இதுதான்" என்றார் மதாம். அவர் பிரெஞ்சில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். "முதலில் லேசர் வெளிச்சத்தால் அணுக்களைத் தள்ளித் தள்ளி ஓட்டத்தைக் குறைப்போம். அதற்கப்புறம் ஒரு கிண்ணத்தில் வைப்பதுபோலப் பிடித்துவைத்து, அதிகச் சூடானவை மட்டும் வெளியே தப்பிக்க வழிவிடுவோம். சூடானவை போனால் மிச்சம் குளிரும். உன் டீயில் ஆவி போகிறதே, அதேதான். நாங்கள் மட்டும் நிறுத்தாமல் ஆற்றிக்கொண்டே இருப்போம்."

எவ்வளவு குளிர் என்று கேட்டேன். நட்சத்திரங்களுக்கு நடுவே ஒன்றுமில்லாத இடம் இருக்கிறதே, அதுகூட இதற்குமுன் அடுப்பு மாதிரி என்றார். நான் கையில் டம்ளரோடு நின்றேன். அந்தக் குளிருக்கு மூன்றடி தூரத்தில் பதினோரு வருடமாகத் தரை துடைத்திருக்கிறேன், ஸ்வெட்டர்கூடப் போடாமல்.

பிறகு மதாம் கரண்டி வாங்கித் தன் டீயைக் கலக்கினார். "இதை எவ்வளவு மெதுவாகக் கலக்கினாலும் அவ்வளவு மெதுவாகச் சுற்றும். என்னுடையது அப்படியில்லை. மெதுவாகக் கலக்கினால் அசையவே அசையாது. ஓர் அளவைத் தாண்டினால் சட்டென்று ஒரு சுழி பிறக்கும். இன்னும் வேகமாகக் கலக்கினால் இரண்டு. ஒன்றரைச் சுழி என்பது கிடையாது." பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், வெள்ளைக்கார அம்மா டீ சரியில்லை என்கிறாரா என்று என்னிடம் கவலையாகக் கேட்டார்.

கல்லூரியில் பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. வாசலில் ஒட்டியிருந்த தாளில் மதாமின் குளிர்ந்த அணுக்கூட்டத்துக்கு 'குவாண்டம் செறிபொருள்' என்று தமிழில் பெயர் போட்டிருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து அந்த ஒரு வார்த்தையை மனப்பாடம் செய்தேன்.

சனிக்கிழமை மதாமை அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனேன். போகும் வழியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட முடிவு செய்திருந்தேன். நாளைக்கு மண்டபத்தில் என்ன வேலை செய்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள் மதாம். இவ்வளவுதான். பிரெஞ்சில் ஏழெட்டு வார்த்தைதான் ஆகும். ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன்.

வாய் திறக்கப்போகும்போது ஆட்டோவின் கிளட்ச் ஒயர் அறுந்தது. டிரைவர் சிரித்தபடி கையைக் காட்டினார். பின்னால் வந்த இன்னொரு ஆட்டோக்காரர் தன் வண்டியை ஓட்டிக்கொண்டே ஒரு காலை நீட்டி எங்கள் ஆட்டோவின் பின்பக்கத்தில் வைத்துத் தள்ளினார். அப்படியே அரை கிலோமீட்டர் போனோம். "மாமே, பிரேக்கு இருக்கில்ல?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "இருக்கு, நெனைக்கிறேன்" என்றார் எங்கள் டிரைவர். மதாம் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர்வரச் சிரித்தார். நான் செபம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திருப்பத்தில் இரண்டு ஆட்டோவும் நிற்கவேண்டியதாயிற்று. எங்கள் பங்குத் திருவிழாவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. மாதா சுரூபம் வைத்த சப்பரத்தை எங்கள் ஊரில் தோளில்தான் தூக்குவார்கள். அதற்கான ஒத்திகை தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. சுரூபத்துக்குப் பதிலாக மணல் மூட்டைகள். இரண்டு மரத்தண்டுக்குக் கீழே பதினாறு ஆண்கள். உயரம் பார்த்து ஜோடி சேர்ப்பார்கள். குள்ளமானவர் தோளில் துண்டை மடித்து வைத்து ஈடுகட்டுவார். முன்னால் இடது தண்டில் என் அண்ணன். உள்ளங்கையால் மரத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். அந்தத் தட்டு மரத்தின் வழியாகப் பதினாறு தோளுக்கும் போகும். காதால் கேட்கவேண்டியதில்லை.

"தோளு மாத்து!" என்றார். பதினாறு பேரும் மாற்றினார்கள். மூட்டை இம்மி அசையவில்லை.

"ராயப்பா, காலு எங்கடா வெக்கிற! பின்னாடி இழுக்குது!"

"செருப்பு வாரு அறுந்துபோச்சு மாமா!"

"போன வருசமும் அதே செருப்புதான்டா!"

மதாம் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி அவர்கள் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒத்திகை தாண்டிப் போனதும் வீடு வந்துவிட்டது. நான் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை.

சாப்பிடும்போது அண்ணன், "மதாம்கிட்ட கேளு ரோசா, என் தங்கச்சி வேல எப்பிடின்னு" என்றார். கேட்டேன். "இவள் இல்லாவிட்டால் எங்களில் ஒருவரும் வேலை செய்ய முடியாது. அந்த அறையில் ஒரு தூசி போதும், எல்லாம் கெடும்" என்றார் மதாம். வார்த்தைக்கு வார்த்தை உண்மையாகத்தான் மொழிபெயர்த்தேன். அண்ணன் முகம் மலர்ந்து இன்னொரு மீன் துண்டை மதாம் தட்டில் வைத்தார். நான் என் தட்டில் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பூசை முடிந்தும் பாதிப்பேர் போகவில்லை. பிறகு டீயும் பன்னும் உண்டு என்று சாமியார் அறிவித்திருந்ததும் ஒரு காரணம். முதல் வரிசையில் அண்ணன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். அவர் பக்கத்தில் கப்ரால் ஐயா. பிரெஞ்சு ராணுவத்தில் கார்ப்பொரலாக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் அந்தப் பெயர். கைத்தடியில் தாடையை ஊன்றியிருந்தார். மண்டபத்தில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் மூன்று பேர்: மதாம், நான், அவர்.

மதாம் மைக்கைப் பிடித்து முதல் வாக்கியமாகச் சொன்னது இது: "என் ஆய்வுக்கூடத்தின் தரையைப் பதினோரு வருடமாகச் சுத்தமாக வைத்திருக்கும் ரோசாலிதான் இன்று என் குரல்."

"பதினோரு வருஷமா மதாமோட லாப்ல வேல செய்றேன். இன்னிக்கி அவங்க பேசுறத நான் சொல்றேன்" என்றேன் தமிழில். கப்ரால் ஐயா தாடையைத் தடியிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு திரும்பவும் ஊன்றிக்கொண்டார்.

மதாம் பேசினார். நானும் தொடர்ந்தேன். டீ ஆற்றுகிற உதாரணத்துக்குத் தலைகள் ஆடின. அடுத்தது கஷ்டமான இடம். சூடாக இருக்கும்வரை அணுவை ஒரு குண்டுமணியாக நினைத்துக்கொள்ளலாம், குளிரக் குளிர அது எங்கே இருக்கிறது என்பது மங்கிப்போகும், அலைபோல அகலமாகும் என்றார். இன்னும் குளிர்ந்தால் ஒன்றின் அலை பக்கத்து அணுவின் அலைமேல் ஏறும், ஓர் எல்லைக்குக் கீழே லட்சக்கணக்கான அணுக்களும் ஒரே அலை என்றார்.

கூட்டத்தைப் பார்த்தேன். யாருக்கும் புரியவில்லை. விசிறிக்கொண்டிருந்தார்கள். மதாம் சொல்லாத ஒன்றை நானே சேர்த்தேன்.

"அதாவதுங்க, நம்ம சப்பரம் தூக்குற மாதிரி. பதினாறு பேரும் ஒரே காலு, ஒரே தோளு. அந்த அணுவுங்களும் அப்பிடித்தான், எல்லாம் ஒரே நேரத்துல ஒரே மாதிரி அசையும்."

மண்டபமே மலர்ந்தது. யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். அண்ணன் எழுந்து திரும்பி, தெருக்காரர்களைப் பார்த்துத் தட்டினார். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் கைதட்டியதில்லை. உடம்பெல்லாம் சூடாயிற்று.

மதாம் என்னைப் பார்த்து, இவ்வளவு மகிழ்ச்சிக்கு என்ன சொன்னாய் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கப்ரால் ஐயா பிரெஞ்சில் சொல்லிவிட்டார்: "மதாம், உங்கள் அணுக்கள் சுரூபம் தூக்கும் ஆட்கள்போல அடியெடுத்து வைப்பதாகச் சொல்கிறாள். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை."

மதாம் சிரித்தார், கோபமில்லை. "அது இது அல்ல ரோசாலி. பலரும் அப்படித்தான் நினைப்பார்கள். சொல்லு அவர்களிடம்."

"இப்ப நான் சொன்னது தப்புங்க" என்றேன். "மதாம் அப்பிடிச் சொல்லல. நானா சேத்துட்டேன்."

அண்ணன் உட்கார்ந்தார். மதாம் கூட்டத்தைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு அவரவர் இஷ்டத்துக்குக் கைதட்டச் சொன்னார். சொன்னேன். தட்டினார்கள். முதலில் மழை மாதிரி சிதறலாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கங்கே சேர்ந்தது. பிறகு யாரும் சொல்லாமலே முந்நூறு கையும் ஒரே தட்டாகியது. கண்ணைத் திறந்தவர்கள் தங்கள் கையையே ஆச்சரியமாகப் பார்த்தார்கள். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

"யார் பிந்தினார்?" என்று மதாம் கேட்கச் சொன்னார்.

"ராயப்பன்!" என்று நாலு மூலையிலிருந்தும் குரல். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. "நானு இல்ல சாமி!" என்று ராயப்பன் எழுந்து நின்று கத்தினார்.

மதாம் காத்திருந்து சொன்னார்: "நீங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுத் திருத்திக்கொண்டீர்கள். சப்பரத்தில் மரத்தண்டு வழியாகத் திருத்திக்கொள்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொந்தக் கால் இருக்கிறது. அதனால் யார் பிந்தினார் என்று விரல் நீட்ட முடிகிறது. என் கூட்டத்தில் அந்தக் கேள்வியையே கேட்க முடியாது. அங்கே யாரும் யாரோடும் அடி சேர்த்துக்கொள்ளவில்லை. 'இது இந்த அணு, அது அந்த அணு' என்பதே இல்லாமல் போகிறது. அதிலிருந்து ஓர் அணு வெளியே போனால் எத்தனை குறைந்தது என்று சொல்லலாம். எது போனது என்று சொல்ல முடியாது. எங்களுக்குத் தெரியவில்லை என்பதால் அல்ல. அங்கே 'எது' என்பது கிடையாது."

இதை மூன்று முறை திருப்பிக் கேட்டுத்தான் தமிழில் சொன்னேன். இந்தக் கணக்கின் தொடக்கத்தைப் போட்டவர் ஒரு வங்காளத்துக்காரர் என்றும் மதாம் சொன்னார்.

பின்னாலிருந்து ஓர் அம்மா எழுந்தார். குருசுக்குப்பத்தில் மீன் விற்கிறவர், கூடையோடு வந்திருந்தார். "அப்ப அந்த அணுவெல்லாம் கரைஞ்சு செத்துப்போச்சாம்மா?"

சாகவில்லை, எண்ணிக்கை அப்படியே இருக்கிறது, சூடாக்கினால் திரும்பத் தனித்தனியாக வரும் என்றார் மதாம்.

அந்த அம்மா விடவில்லை. என்னைப் பார்த்து, "அவங்க சொல்றாங்க, சரி. நீ பாத்தியா? உன் கண்ணால?"

"பாக்காம? அவ அசிஸ்டெண்டு!" என்றார் அண்ணன், உட்கார்ந்தபடியே.

பார்த்தேன் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் எப்படிப் பார்த்தேன் என்பதில்தான் எல்லாம் இருந்தது. ஒரு தப்பைத் திருத்திய ஐந்து நிமிடத்துக்குள் இன்னொன்றைப் பேசாமல் நிற்கவிட என்னால் முடியவில்லை. கப்ரால் ஐயா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதையும் சொல்லாமல் விடுவதையும் என்னிடமே விட்டுவிட்டார்.

"பாத்தேன்மா. நான் அங்க அசிஸ்டெண்டு இல்ல. தர தொடைக்கிறேன்" என்றேன்.

அண்ணன் பக்கம் திரும்பாமல் தொடர்ந்தேன். ஒருநாள் சாயங்காலம் துடைக்கும்போது என் குச்சி அந்தப் பெரிய மேசையின் காலில் இடித்துவிட்டது. லேசான இடிதான். லேசர்கள் தடுமாறி, அன்று அவர்கள் சேர்த்துவைத்ததெல்லாம் போய்விட்டது. வேலை போயிற்று என்று அழுதேன். மதாம் நாற்காலி இழுத்துப்போட்டு, "உட்கார். திரும்பச் செய்கிறோம். என்னத்தைக் கெடுத்தாய் என்று நீ பார்க்கவேண்டாமா?" என்றார்.

திரையில் முதலில் மங்கலாக ஒரு குன்று தெரிந்தது. பரந்து, தாழ்வாக. அணுக்களின் நிழல் அது என்றார்கள். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் குளிரவைத்துத் திரும்ப எடுத்தார்கள். குன்று சுருங்கியது. ஐந்தாவதோ ஆறாவதோ தடவை, குன்றின் நடுவில் ஒரு முனை எழுந்தது, ஊசிக்கோபுரம்போல. அடுத்த தடவை குன்றே இல்லை, கோபுரம் மட்டும். அந்த அறையில் படித்தவர்கள் நாலு பேர் இருந்தார்கள். தினமும் பார்க்கிறவர்கள். அவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. பூசையில் சாமியார் நற்கருணை அப்பத்தை உயர்த்திக் காட்டும்போது நாம் நிமிர்ந்து பார்க்கிற மாதிரி.

இதை மண்டபத்தில் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை. திக்கித் திக்கித்தான் சொன்னேன். ஆனால் விசிறிகள் நின்றிருந்தன.

"எவ்ளோ நேரம் இருந்துச்சும்மா?" என்று கேட்டார் மீன்கார அம்மா.

"சில விநாடிதான். அப்புறம் கலைஞ்சிடும். திரும்பப் பண்ணணும்."

"அவ்ளோ நேரந்தானா!" என்று கூடையைப் பிடித்தபடி உட்கார்ந்தார்.

கைதட்டல் இல்லை. சாமியார் நன்றி சொன்னார், டீயும் பன்னும் வந்தன. வரிசையில் நிற்கும்போது யாரோ அண்ணனிடம், "இன்னாய்யா சகாயம், அணுவெல்லாம் கையிலன்ன, தொடப்பம்தான் கையிலயா?" என்றது என் காதில் விழுந்தது. அண்ணன் பன்னை இரண்டாகப் பிட்டுவிட்டுத் தின்னாமல் வைத்திருந்தார்.

மதாமுக்கு நடந்தது முழுக்கப் புரியவில்லை. வாசலில் என்னிடம், "கடைசியில் நீண்ட நேரம் பேசினாயே, என்ன சொன்னாய்?" என்று கேட்டார். "மேசைக்காலை இடித்ததைச் சொன்னேன்" என்றேன். "ஆ, அந்த நாள்! அன்று வந்ததுதான் அந்த மாதத்திலேயே நல்ல படம்" என்றார்.

அண்ணன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் பேச்சில்லை. வீட்டில் கழுத்துப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் டி.வி. முன்னால் உட்கார்ந்தார். டி.வி. ஓடவில்லை.

சமையலறையில் அண்ணி மெல்ல, "பேசுவாரு, வுடு. மில்லு மூடுனப்ப மூணு மாசம் வாய தொறக்கல. நானும் நிம்மதியா இருந்தேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரவு இடியாப்பத்துக்கு மூவரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தோம். தேங்காய்ப்பாலைத் தள்ளும்போது அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. அண்ணனுக்குச் சேதராப்பட்டுக் கம்பெனியில் காலை ஷிஃப்ட். சாப்பாட்டுப் பையை வண்டியில் மாட்டிக்கொண்டே, அந்த அறையில் தரை மொசைக்கா சிமெண்டா என்று கேட்டார். சாம்பல் நிற ரப்பர் விரிப்பு என்றேன். அது கறை பிடிக்குமே என்றார். பிடிக்கும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.